வேட்டியின் மேல் இருந்த பெயர்

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி விசிறிக்கொண்டிருந்த புத்தகத்தில்தான் என் முகத்தை முதலில் பார்த்தேன்.

விழுப்புரம் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு. மேலே மின்விசிறி சுற்றியது. காற்றுதான் கீழே இறங்கவில்லை. அந்தப் பெண் ஒரு மாதப் புத்தகத்தை நடுவில் மடித்து, புருஷனுக்குக் கொஞ்சம், தனக்குக் கொஞ்சம் என்று வீசிக்கொண்டிருந்தாள். வீசும்போது ஒரு பக்கம் வந்து வந்து போனது. அதில் ஒரு மொட்டைத் தலை, குனிந்த முகம். தெரிந்தவள் யாரோ போல இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே எங்கள் வீட்டுக்காரருக்கு ரொட்டியைப் பாலில் நனைத்துக்கொண்டிருந்தேன். மறுபடி வீசினாள். வலது புருவத்துக்கு மேலே தழும்பு. மல்லாட்டைக் கொல்லையில் கடலைக்குக் களை கொத்தும்போது களைக்கொட்டு பட்டு வந்த தழும்பு அது. ரொட்டி கைநழுவிப் பாலுக்குள் விழுந்தது.

"அந்த புக்க கொஞ்சம் குடும்மா. பாத்துட்டு தர்றேன்."

"படிப்பியாக்கா நீ?"

"படிப்பேன். மெதுவா படிப்பேன்."

வார்டுக்கு வெளியே ஜன்னல் ஓரமாகப் போய் நின்றேன். நான் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்தை எழுத்தாகத் தொட்டுத்தான் போவேன். இதை எழுதுவதும் அப்படித்தான். பிழையை மட்டும் என் மகள் திருத்துகிறாள். பெரிய எழுத்தில் போட்டிருந்ததை விரலை வைத்துக் கூட்டினேன். துணையை. இழந்த. பிறகு. இதுவரைக்கும் வந்ததும் அடுத்ததைப் படிக்க விரல் நகரவில்லை. படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. கணவனை இழந்து, கேட்க நாதியின்றி நிற்கும் முதுமை என்று.

கறுப்பு வெள்ளையில் போட்டிருந்தார்கள். தலையில் பூசியிருந்த சந்தனம் சாம்பலாகத் தெரிந்தது. தோளுக்குக் கீழே படம் இல்லை. பக்கத்திலும் யாரும் இல்லை.

கணவனை இழந்தவள் என்றால் கேவலம் என்று நான் சொல்ல வரவில்லை. என் அம்மா இளம் வயதில் அப்படி ஆனவள்தான். கூலி வேலை செய்து எங்களை வளர்த்தாள், ஒருத்தர் வாசலில் கைநீட்டி நின்றதில்லை. நானும் நின்றதில்லை. என் பயம் வேறு. எங்கள் வீட்டுக்காரர் உள்ளே கட்டிலில் உட்கார்ந்து ரொட்டி தின்கிறார். மறுநாள் காலையில் அவருக்கு ஆபரேஷன்.

அவருக்குக் குடலிறக்கம். ரொம்ப காலமாக பெல்ட் போட்டுச் சமாளித்து வந்தார். போன வருஷம் ஒரு தடவை வெளியே வந்தது உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டு, வாந்தி எடுத்து, கண் செருகி, பிழைத்ததே பெரிய காரியம். டாக்டரம்மா அப்போதே சொன்னார், இன்னொரு தடவை சிக்கினால் குடல் அழுகிவிடும், உடனே செய்துவிடுங்கள் என்று. இவரானால் சகுனம் பார்க்கிற மனுஷன். பல்லி சொன்னால் நிற்பார். பூனை போனால் திரும்புவார். வெறும் நெற்றியோடு ஒருத்தி எதிரே வந்துவிட்டால் அன்றைக்கு வேலையே கிடையாது. என் அம்மா உயிரோடு இருந்தவரை இவர் வெளியே கிளம்புகிற நேரம் பார்த்து அவளாகவே கொல்லைப்புறம் போய்விடுவாள். அதற்காக இவரோடு நான் போட்ட சண்டை கொஞ்சமில்லை. ஆபரேஷனுக்கு நாள் குறித்து, அதை இவர் தள்ளிப்போட்டு, மறுபடி குறித்து, மறுபடி தள்ளிப்போட்டு, இந்தத் தடவைதான் கட்டிலில் வந்து படுத்திருக்கிறார். இப்போது இந்தப் படத்தைப் பார்த்தால் எழுந்து நடந்துவிடுவார். அதுதான் என் கவலையெல்லாம்.

புத்தகத்துக்காரி என் பின்னாலேயே வந்துவிட்டாள்.

"அந்த மொட்ட அம்மா படமாக்கா? நானும் அததான் பாத்துக்கினு இருந்தேன். பாவம். ஆளில்லாத மூஞ்சி, பாத்தாலே தெரியல?"

"மூஞ்சில இன்னா தெரியுது உனக்கு?"

"அந்த கண்ண பாருக்கா. சோறு துன்னு எத்தினி நாளாச்சோ. பெத்ததுங்க போடலபோல."

நான் அவளுக்கு நேராகத்தான் நின்றுகொண்டிருந்தேன். முடி கழுத்துவரை வளர்ந்துவிட்டது, நெற்றியில் குங்குமம், மூக்கில் மூக்குத்தி. அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

"இந்த புக்கு என்கிட்டயே இருக்கட்டும். சாயங்காலம் தர்றேன்."

"வச்சிக்கோக்கா. விசிறத்தான வாங்கினேன்."

அதை மாற்றுப்புடவைக்கு நடுவில் சுருட்டிப் பையின் அடியில் வைத்தேன். வைத்தபிறகும் கை அந்தப் பையை விட்டு வரவில்லை. குயிலாப்பாளையம் பக்கம் ஒரு கெஸ்ட்ஹவுஸில் சமையல் வேலை செய்கிற என் மகளுக்கு போன் போட்டு, உடனே வா, அப்பா பக்கத்தில் உட்காரு, எனக்கு அவசரமாகத் திண்டிவனம் போக வேண்டும் என்றேன். பாண்டி பஸ் பிடித்து மத்தியானத்துக்குள் வந்தாள். அவளிடம் மட்டும் படத்தைக் காட்டினேன். பார்த்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது மயிலத்துல எடுத்ததுதான? அப்பா எங்கம்மா இதுல?"

"அததான் கேக்கப் போறேன்."

அவரிடம் சொல்லிக்கொண்டுதானே போக வேண்டும். மோர் வாங்கி வருகிறேன் என்றேன். "மோருக்கு ஏன் நல்ல பொடவ?" என்று கேட்டார். அவருக்கு எதுவும் தப்பாது.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு புத்தகக் கடை. கயிற்றில் கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கவிட்டிருந்தான். அந்தப் புத்தகமும் தொங்கியது. அட்டையில் யாரோ பட்டுப்புடவைக்காரி சிரித்தாள். ஒவ்வொன்றுக்கு உள்ளேயும் நான் மடிந்து கிடக்கிறேன் என்று நினைத்ததும் தண்ணீர் குடிக்கத் தோன்றியது. விழுப்புரத்தில் இருந்தால் திண்டிவனத்திலும் இருக்கும். திண்டிவனத்தில் இருந்தால் எங்கே இல்லை? பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. பக்கத்தில் யாராவது புத்தகம் பிரித்தால் அட்டையை எட்டிப் பார்த்தேன்.

அந்தப் படம் எடுத்த கதையைச் சொல்ல வேண்டும்.

போன வருஷம் அவர் சிக்கிக்கொண்டு கிடந்தபோது, இவரைக் கொடு, என் தலைமுடியைத் தருகிறேன் என்று மயிலம் முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். பிழைத்து வந்தார். சொந்தக்காரர்கள், கட்டுக்கழுத்தி மொட்டை போடலாமா, பூமுடி கொடுத்தால் போதாதா என்றார்கள். கேட்டது முழு ஆள், கொடுப்பது மூன்று கொத்து முடியா என்று சொல்லி முழுசாகவே கொடுத்தேன். குளித்து, சந்தனம் பூசி, ஈரப் புடவையோடு படியில் வந்து உட்கார்ந்தேன். பொட்டு இன்னும் வைக்கவில்லை. அப்போது கேமராவோடு ஒரு ஆள் வந்தார். நாற்பது வயது இருக்கும். திண்டிவனத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறாராம், கல்யாணம் காதுகுத்துக்கு எடுப்பாராம், இப்படி மனுஷர்களை எடுப்பது ஆசைக்காம். ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். கேட்டாரே, அது எனக்குப் பிடித்தது.

"தனியா எடுக்காதப்பா," என்றேன். "எங்க வூட்டுக்காரரு பஞ்சாமிர்தம் வாங்க போயிருக்காரு. வந்தொடனே ரெண்டு பேரையும் எடு."

காத்திருந்தார். இவர் தொன்னையில் பஞ்சாமிர்தத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, உட்கார்ந்த வேகத்தில் பாதியை வேட்டியில் கொட்டிக்கொண்டார். நான் குனிந்து அதைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்தேன். அந்த நேரத்தில் கிளிக் என்றது. பத்திரிகைக்காரன் சோகம் என்று நினைத்துப் போட்டானே, அது சோகம் இல்லை. அது திட்டு.

இதை நெட்டில் போடலாமா என்றும் ஸ்டுடியோக்காரர் கேட்டார். ரெண்டு பேரும் இருக்கிற மாதிரி போடு என்று சொல்லியிருந்தேன். சொன்ன வார்த்தை எனக்கு மறக்காது. அவர் மறந்துவிட்டாரா, இல்லை விற்றுவிட்டாரா? பஸ் மயிலம் திரும்புகிற கூட்டுரோட்டைத் தாண்டும்போது அந்தப் பக்கம் கும்பிடக்கூட எனக்குக் கை வரவில்லை. உனக்குக் கொடுத்த முடியை வைத்து என்ன வேலை செய்திருக்கிறார்கள் பார் என்றுதான் மனசு சொன்னது.

ஸ்டுடியோ மாடியில் இருந்தது. ஏறி மூச்சு வாங்கி நின்றேன். அவர் கம்ப்யூட்டரில் ஏதோ கல்யாண ஆல்பம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டு எழுந்தார்.

"வாங்கம்மா. முடி நல்லா வளந்துடுச்சே. ஐயா எப்படி இருக்காரு?"

"என்ன வித்துட்டியாப்பா?"

"இன்னாம்மா சொல்றீங்க?"

புத்தகத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தேன். பார்த்தார். புத்தகத்தைக் கையில் எடுக்கவில்லை, அப்படியே குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். காதோரம் வியர்த்தது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இது இந்த ஆள் செய்ததில்லை என்று. ஆனால் வாயால் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

"உக்காருங்கம்மா, காட்டறேன்," என்று அந்தக் கல்யாணத்தை மூடிவிட்டு வேறொன்றைத் திறந்தார்.

முழுப் படம் வந்தது. கலரில். சந்தனம் மஞ்சளாக இருந்தது. இவர் என் பக்கத்தில் தொன்னையைப் பிடித்துக்கொண்டு, தப்பு செய்தவர் முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். என் கண் அவர் மடியில். அவருடைய வெள்ளை வேட்டிமேல், முழங்காலில் தொடங்கித் தோள் துண்டு வரை சாய்வாக, பழுப்பு நிறத்தில் ஏதோ எழுத்து.

"இன்னா அது?"

"என் பேரும்மா. படம் என்னுதுன்னு அடையாளம். வேட்டியும் துண்டும் வெள்ளையா இருந்துச்சி, எழுத்து நல்லா தெரியும்னு அங்க போட்டேன். வேணும்னா என்னக் கேட்டு, காசு குடுத்து வாங்கிக்கணும். நெட்ல அதுக்குன்னு இருக்கற எடத்துலதான் போட்டு வச்சிருந்தேன்." புத்தகத்தையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "என் பேரு இருந்தா போட முடியாது. அத எடுக்கணும்னா வேட்டி துண்டு ரெண்டயும் எடுக்கணும். அதான் ஐயாவையே எடுத்துட்டானுங்க."

அந்தப் பேச்சு எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. கட்டுரைக்கு ஒண்டியாள் வேண்டும் என்றுகூட வெட்டவில்லை. திருடினது தெரியக்கூடாது என்று வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயரோடு சேர்ந்து என் புருஷனும் போய்விட்டார். வெட்டினபிறகு பார்த்தால் நான் தனியாள். தனியாளுக்கு ஏற்ற தலைப்பு அவர்களிடம் இருந்திருக்கிறது.

"இது மொத தடவ இல்லம்மா," என்றார் அவர். "மயிலத்துல காவடி எடுத்த படம், செஞ்சி பக்கம் மழைல எடுத்தது, எங்கெங்கயோ வந்துடுச்சி. கேட்டா, உனக்கு வெளம்பரந்தானன்றான். படம் போனா போவட்டும்னு வுட்டுடுவேன். இப்ப நீங்க வந்து நிக்கறீங்க. நாளைக்கு எந்த பொம்பள என் கேமராவுக்கு முன்னால வந்து குந்துவா?"

"அத அப்புறம் அழலாம். போன போடு."

புத்தகத்தில் இருந்த நம்பருக்குப் போட்டு, நானும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தார். யார் யாரோ எடுத்து, கடைசியில் ஒரு பையன் குரல் வந்தது. மரியாதையான குரல்.

"சார், இந்த மாசம் நீங்க போட்ட படம் என்னுது. மொட்டையடிச்ச அம்மா படம். யாரக் கேட்டு போட்டீங்க?"

"எதுங்க? ஓ, அதுவா. நெட்ல கிடைச்சதுங்க சார். லேஅவுட்ல எடுத்திருப்பாங்க."

"என் பேரு இருந்துதே அதுல."

"நாங்க பாத்தப்ப பேரு எதுவும் இல்லையே சார்."

"வெட்டினதுக்கு அப்பறம் எப்படி சார் இருக்கும்?"

அந்தப் பக்கம் யாரிடமோ கேட்கிற சத்தம். பிறகு, "சரிங்க சார், தப்பு நடந்திருக்கு. ஆன்லைன்ல இன்னிக்கே படத்துக்குக் கீழ உங்க பேர போட்டுடறோம். போதுங்களா?"

ஸ்டுடியோக்காரர் முகம் ஒரு நிமிஷம் இளகியது. பெயர் வருகிறது என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது. நான் கையை நீட்டி போனை மறைத்தேன்.

"அந்தப் படத்துக்குக் கீழ உன் பேரு வந்தா, என்ன அப்டி எடுத்தவன் நீதான்னு ஆயிடும்ப்பா. யோசிச்சிக்கோ."

அவர் போனை என் பக்கம் தள்ளினார்.

"தம்பி," என்றேன், "அந்த படத்துல இருக்கறவ பேசறேன்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"சொல்லுங்கம்மா."

"எங்க வூட்டுக்காரரு ஆஸ்பத்திரில இருக்காரு. நாளைக்கு காலைல ஆபரேசன். நீங்க அவர அறுத்து எடுத்துட்டு என்ன மட்டும் போட்டிருக்கீங்க."

"அம்மா, அது உங்களப் பத்தின கட்டுரையே இல்லம்மா. பொதுவா எழுதினது. மாதிரிக்கு ஒரு படம், அவ்ளோதான்."

"மாதிரிக்குன்னா உங்க அம்மா படத்த போடறதுதான?"

"எங்க அம்மாவுக்கு அப்பா இருக்காரும்மா."

"எனக்கும் இருக்காரு."

அந்தப் பையன் அதற்குமேல் வாதாடவில்லை. பாவமாகக்கூட இருந்தது. ஆன்லைனில் இருப்பதை எடுத்துவிடுகிறேன், அச்சாகிப் போனதை ஒன்றும் செய்ய முடியாது, அடுத்த மாதம் வருந்துகிறோம் என்று போடலாம் என்றான்.

"வருத்தம் உங்ககிட்டயே இருக்கட்டும். படத்த முழுசா போடுங்க. அவரும் இருக்கணும், இந்த தம்பி பேரும் இருக்கணும்."

"எடிட்டர்கிட்ட கேக்கறேம்மா."

"கேளு. நான் எங்கயும் போவல."

போனை வைத்தேன். அடுத்த மாதம் என்கிறான். எனக்கு நாளைக் காலை தாண்டினால் போதும். ஸ்டுடியோக்காரர் ஒன்றும் கேட்காமலே முழுப் படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டு, மடங்காமல் இருக்க அட்டை வைத்து, உறையில் போட்டுக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்ட் வரை தன் வண்டியில் கொண்டுவந்து விட்டார். அவரை நான் சந்தேகப்பட்டது பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இறங்கும்போது, "வூட்டுக்கு வாப்பா ஒரு நாள், கேப்பைக் களி கிண்டித் தர்றேன்," என்றேன். அவருக்குப் புரிந்திருக்கும்.

பஸ் விக்கிரவாண்டி தாண்டும்போது மகள் கூப்பிட்டாள்.

"எங்கம்மா இருக்க? கோலியனூர் அத்த வந்துட்டாங்க."

என் நாத்தனார். அவர் ஆஸ்பத்திரியில் இருப்பது அவளுக்குத் தெரியும். போன வருஷம் மொட்டைத் தலையோடு என்னை அவள் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுப் பெண் போனில் அந்தப் படத்தையும் எழுதியிருந்ததையும் காட்டியிருக்கிறாள். அண்ணன் போய்விட்டான், தனக்கு மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள், அண்ணிக்கு மொட்டைகூட அடித்துவிட்டார்கள் என்று நினைத்து, மார்பில் அடித்துக்கொண்டே வார்டுக்குள் வந்திருக்கிறாள். "என்கூடப் பொறந்த பொறப்பே, என்ன வுட்டுட்டு போயிட்டியே," என்று அவள் ஒப்பாரி வைத்த இடத்துக்கு நேராக இவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாராம். "எங்க போயிட்டேன், இங்கதான குந்திக்கினு இருக்கேன்," என்றாராம். நர்ஸம்மா ஓடி வந்து இரண்டு பேரையும் சத்தம் போட்டிருக்கிறார்.

"அப்பா போன வாங்கி பாத்துட்டாரும்மா. அதுலேருந்து பேச்சே இல்ல. சட்டய எடுத்து மாட்டிக்கினாரு."

எனக்கு அந்த பஸ் நகர்கிற மாதிரியே தெரியவில்லை.

நான் போனபோது அவர் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டு, பையை மடியில் வைத்திருந்தார். நாத்தனார் தரையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"மோரு எங்க?" என்றார் என்னைப் பார்த்து.

"இன்னாங்க இது, சட்டலாம் போட்டுக்கினு?"

"கெளம்பு. வூட்டுக்கு போலாம். அறுக்கறதுக்கு முந்தியே உன்ன தனியா போட்டுட்டாங்க. இதுக்கு மேல இன்னா சேதி வரணும்?"

"உசுரோட இருக்கறவனுக்கு ஒப்பாரி வச்சா ஆயுசு கெட்டிண்ணே," என்றாள் நாத்தனார். "நான் வச்ச ஒப்பாரிக்கு நீ நூறு வருசம் இருப்ப."

"நீ வாய மூடு."

நான் உறையிலிருந்து படத்தை எடுத்து, மடியிலிருந்த பையின்மேல் வைத்தேன். அவர் கண்ணாடியைத் தேடினார். மகள் எடுத்துக் கொடுத்தாள். பார்த்தார். முதலில் தன்னைத்தான் பார்த்தார். யார்தான் அப்படிப் பார்க்கமாட்டார்கள்?

"எம்மேல இன்னா எழுதியிருக்கு?"

"போட்டோக்காரரு பேரு. அது இருந்தா திருட முடியாதுன்னு அத வெட்டியிருக்கானுங்க. அது கூடவே நீங்களும் போயிட்டீங்க."

"அவரு பேருக்கு நான் இன்னா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. பேருக்கு அடியில குந்திக்கினு இருந்தீங்க."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், புருவத்தைப் பார்த்தாள்.

"அக்கா, அது நீயா? அய்ய, காலைல நான் பாட்டுக்கு..."

"ஆளில்லாத மூஞ்சின்னியே," என்றேன். "எண்ணிக்கோ." கட்டிலில் புருஷன், தலைமாட்டில் மகள், தரையில் நாத்தனார். அவள் புடவையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இவர் சிரிக்கவில்லை. படத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கி திட்டினியே, அதுவா இது?"

"அதேதான்."

"பாதி பஞ்சாமிர்தம் போச்சி."

"முக்காவாசி."

சட்டையைக் கழற்றவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அவர் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை வேண்டாம் என்றுதான் இருக்கும். அவரோடு குடும்பம் நடத்தி அது தெரியும் எனக்கு. படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, சட்டையோடே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

விடிந்ததும் பச்சைத் துணியோடு தள்ளுவண்டி வந்தது. வண்டிக்காரர், "இன்னா பெரியவரே, சட்ட போட்டுக்கினு கல்யாணத்துக்கா போற? கழட்டு," என்றார். இவர் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். என் நெற்றியையும் கழுத்தையும் பார்த்தார். எதிரே வேறு யாராவது வருகிறார்களா என்று வழக்கம்போல வாசல் பக்கமும் பார்த்தார். வாசலில் பக்கத்துக் கட்டில்காரியும் நாத்தனாரும் நிறைகுடம் தண்ணீர் வைத்துக்கொண்டு எதிர்வந்து நின்றார்கள். எங்கிருந்து குடம் பிடித்தார்கள், யார் யோசனை, எனக்குத் தெரியாது. நர்ஸம்மா வருவதற்குள் ஒளித்துவிட்டார்கள்.

சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வண்டியில் படுத்துக்கொண்டு படத்தை என்னிடம் நீட்டினார்.

"வச்சிக்கோ. மடிக்காத."

கதவு மூடியது. வெளியே பெஞ்சில் படத்தை மடியில் படுக்கையாக வைத்து உட்கார்ந்தேன். சாய்க்கவும் பயம், யாராவது இடித்து மடங்கிவிடுமோ என்றும் பயம். மகள் டீ வாங்கி வந்தாள், படத்தில் சிந்திவிடுமோ என்று நான் தொடவில்லை. போனவர்கள் வந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தர், "யாருங்க, சாமிகிட்ட எடுத்ததா?" என்று கேட்டார். எங்க வூட்டுக்காரரு, உள்ள இருக்காரு என்றேன்.

அந்த நேரத்தில்தான் ஸ்டுடியோக்காரர் என் மகளின் போனுக்குப் பேசினார்.

"ஆன்லைன்ல உங்க படத்த எடுத்துட்டானுங்கம்மா. அடுத்த மாசம் முழுப் படமும் என் பேரோட போடறதா எடிட்டரே பேசினாரு. எழுதிக் குடுங்கன்னு கேட்டிருக்கேன்."

"இப்ப அந்த எடத்துல இன்னா இருக்கு? காலியா?"

"வேற ஒரு அம்மா படம்," என்றார்.

மகள் தன் போனில் தேடி எடுத்துக் காட்டினாள். அதே தலைப்பு, அதே வரி. கீழே ஒரு வயதானவள், முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். தோள்வரைதான் படம். தோளில் ஒரு விரல் நுனி தெரிந்தது. பக்கத்தில் நிற்கிற யாருடைய விரலோ.

"யாருப்பா அது?"

"தெரியலம்மா. எடுத்தவன் யாருன்னும் தெரியல. தேடிக்கினு இருக்கேன்."

அந்த விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தடித்த விரல். ஆம்பிளை விரலா, மகள் விரலா, சொல்ல முடியவில்லை. அவள் எந்த ஊரோ. அவள் ஊரிலும் யாராவது ஒரு நாத்தனார் இந்நேரம் போனைப் பார்த்து மார்பில் அடித்துக்கொண்டு கிளம்பியிருப்பாளோ. என்னை எடுத்துவிடுகிறேன் என்றபோது நான் தடுக்கவில்லை, எடுத்துவிட்டார்கள். என் இடத்தில் அவளைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு அது ஒரு பக்கம் குத்தியது. இன்னொரு பக்கம் அந்தக் கதவு. எந்தப் பக்கம் கவலைப்படுவது என்றே தெரியவில்லை.

"வுடாத, தேடு," என்றேன். "அந்தப் பையன் நம்பர நானும் வச்சிருக்கேன்."

கதவு திறந்தது. ஒரு சின்ன நர்ஸ் தலையை நீட்டி வரிசையாக எல்லார் முகத்தையும் பார்த்தாள்.

"குடலிறக்கம் பெரியவரோட வீட்டம்மா யாரு?"

"நான்தான்," என்றேன். அத்தனை சத்தமாகச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

"முடிஞ்சிடுச்சும்மா. நல்லா இருக்காரு. இடுப்புக்குக் கீழதான மரத்துப்போற ஊசி, உள்ள முழிச்சிக்கினே பேசிக்கினு இருக்காரு. ஏதோ போட்டோவாமே, மடிஞ்சிதா கேட்டுட்டு வரச் சொன்னாரு."

இரண்டு கையாலும் படத்தைத் தூக்கி அவளுக்கு நேராகக் காட்டினேன்.

"மடியலன்னு சொல்லும்மா."